வலைக்கு மேலே ஒரு கை: பாரிஸ் நாள்களின் நாட்குறிப்பு

28 ஆகஸ்ட் 2024, புதன்

பாரிஸில் இன்று பாராலிம்பிக் தொடங்குகிறது. ஈரானின் மொர்தசா மெஹர்சாத் மறுபடியும் களமிறங்குவதால், உட்கார்ந்து ஆடும் கைப்பந்தை இந்த முறை விடாமல் பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். செய்திகள் எல்லாம் அவருடைய 2.46 மீட்டர் உயரத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. 1987-இல் காஸ்பியன் கடற்கரையை ஒட்டிய சாலூஸில் பிறந்தவர் அவர். வளர்ச்சி ஹார்மோன் மிகையாகச் சுரக்கும் அக்ரோமெகலி நோயால் உடல் வளர்ந்துகொண்டே போக, பதின்வயதில் சைக்கிள் விபத்தில் இடுப்பெலும்பில் பட்ட காயத்தால் வலது காலின் வளர்ச்சி மட்டும் நின்று, அது இடது காலைவிடச் சுமார் 15 செ.மீ. குட்டையாகிவிட்டது. மற்றவர் பார்வைக்குக் கூசி ஒதுங்கியிருந்தவரை 2011-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பார்த்துத் தேடிப் பிடித்தவர், தாமே முன்னாள் வீரரான பயிற்சியாளர் ஹாதி ரெசாயி. ஆனாலும் தேசிய அணியில் இடம் கிடைத்தது 2016-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளின் உழைப்பைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

31 ஆகஸ்ட், சனி

ரியோ 2016 இறுதி ஆட்டத்தின் பதிவைப் பார்த்தேன். போஸ்னியாவை ஈரான் 3-1 என வென்ற அந்த ஆட்டத்தில் அவர் மட்டும் 28 புள்ளிகள் எடுத்தார்.

ஆடுகளம் 10 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் கொண்டது. ஆண்களுக்கான வலையின் உயரம் 1.15 மீட்டர். பந்தைத் தொடும்போது உடல் தரையை விட்டு எழும்பக் கூடாது என்பதால், குதித்து உயரத்தை ஈடுகட்ட யாருக்கும் வழியில்லை. உட்கார்ந்தபடியே சுமார் 1.9 மீட்டர் எட்டும் மெஹர்சாத்தின் கையை எதிரணித் தடுப்பால் தொடவே முடிவதில்லை. எதிரணியின் சர்வீஸையும் வலையருகே தடுக்கலாம் என்ற விதி வேறு இருக்கிறது. நின்று ஆடும் கைப்பந்தில் அதற்கு இடமில்லை.

என்றாலும் உயரம் பாதிக் கதைதான். இங்கே நகர்வதும் கையால், பந்தை ஆடுவதும் கையால். அவ்வளவு பெரிய உடலைத் தரையில் இழுத்துக்கொண்டு, பந்து வருவதற்குள் இடம் பிடித்து, ஊன்றிய கையை உரிய நொடியில் விடுவித்தாக வேண்டும். ஸ்மாஷ் அடிக்கும்போது அவர் கையை ஓங்குவதே இல்லை. மணிக்கட்டை மடக்கிப் பந்தைக் காலியிடத்தில் இறக்கிவிடுகிறார். அந்த உயரத்துக்குப் பிசகாமல் பந்தை ஏற்றிக் கொடுக்கும் சக வீரருக்கும் பாதிப் புகழ் சேர வேண்டும்.

3 செப்டம்பர், செவ்வாய்

வீரர்கள் குடியிருப்பில் அவருக்கேற்ற கட்டில் இல்லை, தரையில்தான் படுக்கிறார் என்று ரெசாயி சொன்னது பெரிய செய்தியாகிவிட்டது. டோக்கியோவில் தனிக் கட்டில் கொடுத்திருந்தார்களாம். மூன்றாவது பாராலிம்பிக்குக்கு வரும் வீரரின் உயரம் யாருக்கும் புதிதல்லவே என்ற எரிச்சல் எனக்கும் உண்டு. ஆயினும் அந்தச் செய்தியைப் பரப்பியவர்களில் எத்தனை பேர் அவருடைய ஆட்டம் ஒன்றையாவது பார்த்திருப்பார்கள்?

7 செப்டம்பர், சனி

நேற்றைய இறுதி ஆட்டத்திலும் அதே போஸ்னியா, அதே 3-1. இவை இரண்டும் போரில் காயம்பட்டவர்களால் வளர்ந்த அணிகள். ஈரான்-ஈராக் போரில் கால் இழந்தவர்கள் பயிற்றுவித்த மரபு ஈரானுடையது; 1992-95 போரும் அது விட்டுச்சென்ற கண்ணிவெடிகளும் போஸ்னிய அணியை உருவாக்கின. மெஹர்சாத் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்ட வரலாறு இது. 1988 முதல் 2008 வரை ஐந்து தங்கம் ஈரான் அவரில்லாமலே வென்றது. அவர் வந்தபின் நேற்றோடு மூன்று. ஒற்றை ஆளை நம்பிய அணி என்ற பேச்சு அதனால்தான் எனக்கு ஒப்பவில்லை.

நேற்றும் போஸ்னியர்கள் ஒரு செட்டைப் பறித்துவிட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸ் 2028-இல் மெஹர்சாத் 41 வயதை நெருங்கியிருப்பார். இந்த ஆட்டத்தில் அது ஓய்வுக்கான வயதும் அல்ல.