என் ஏர் ரைஃபிளுக்குச் சரியான பெல்லட் கிடைத்த கதை

வெளிநாடுகளில் ரைஃபிள் சுடுகிற பலர் தோட்டாவைத் தாங்களே நிரப்பி, தங்கள் துப்பாக்கிக்கு ஏற்றபடி சரிசெய்து கொள்வார்கள். இங்கே 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், அந்தப் பக்கமே போக வேண்டாம். ஆனால் காற்றழுத்தத்தால் சுடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறவர்களுக்கும் அதே தேடல் உண்டு. அதில் போடும் சின்ன ஈயக் குண்டுதான் பெல்லட், அதை நம்மால் செய்ய முடியாது, தேர்ந்தெடுக்கலாம். அதற்கே எனக்கு மூன்று மாதம் ஆனது.

குலசேகரத்தில் மாமாவின் ரப்பர் ஷீட் உலர்த்தும் புரை இருக்கிறது. ஆனி மாத மழையில் பால்வெட்டு நின்று புரை காலியாகக் கிடந்தது, நீளமும் 12 மீட்டர். மறுகோடியில் இரும்புத் தகடு வைத்த பெட்டி, இந்தப் பக்கம் பெஞ்சில் வைஸ் என்கிற இறுக்கிப் பிடிக்கும் கருவி, அதில் ரைஃபிள். கை ஆட்டம் கலக்காமல் குழலையும் பெல்லட்டையும் மட்டும் பார்க்க வேறு வழி கிடையாது. முதல் நாள் குரூப், அதாவது தொடர்ந்து சுட்ட குண்டுகளின் துளைக் கூட்டம், எல்லாம் 9 மில்லிமீட்டருக்கு விரிந்தது. பெல்லட் மோசம் என்று முடிவுகட்டி இரண்டு டின்னை ஒதுக்கியும் வைத்துவிட்டேன், அப்புறம் பார்த்தால் மண் தரையில் பெஞ்சின் ஒரு கால் ஒவ்வொரு தடவை லிவரை இழுக்கும்போதும் துளித்துளியாக இறங்கிக் கொண்டிருக்கிறது. பெஞ்சைச் சுவரோடு சேர்த்து சிமென்ட் போட்டு நிறுத்திய பிறகுதான் உண்மையான சோதனையே தொடங்கியது.

எடை பார்த்துப் பிரித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எல்லோரையும் போல நானும் நம்பினேன். நாகர்கோவிலில் நண்பனின் அப்பா நகைப்பட்டறை வைத்திருக்கிறார், மில்லிகிராம் காட்டும் தராசு அங்கே உண்டு. "மக்களே, மொதல்ல அந்த ஃபேன நிறுத்து, காத்துக்கு தட்டு ஆடும்" என்றார். வியர்க்க வியர்க்க 500 பெல்லட்டையும் நிறுத்தோம், நான்கு மணி நேரம். பெரும்பாலானவை 0.530 முதல் 0.538 கிராமுக்குள் இருந்தன, 11 மட்டும் தள்ளி நின்றன, அதில் இரண்டுக்கு ஸ்கர்ட், அதாவது பின்பக்க விளிம்பு, நசுங்கியிருந்தது. அந்த 11 பெல்லட்டை ஒதுக்கியது நல்லதுதான். ஆனால் மீதியை எடைவாரியாகப் பிரித்துச் சுட்டதற்கும் கலந்து சுட்டதற்கும் குரூப்பில் வித்தியாசமே தெரியவில்லை.

ஏன் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நொடிக்கு சுமார் 172 மீட்டர் வேகத்தில் போகிற பெல்லட் 10 மீட்டரைக் கடக்க 0.058 வினாடி ஆகும், அதற்குள் அது 16 அல்லது 17 மில்லிமீட்டர் கீழே இறங்கும். எடை 1 சதவீதம் கூடினால் வேகம் ஏறத்தாழ அரை சதவீதம் குறையும், இறக்கம் 0.17 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மாறும். போட்டியின் தசம மதிப்பெண் கணக்கில் 0.1 புள்ளி என்பதே கால் மில்லிமீட்டர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா கடைசியாகச் சுட்ட 10.8, நடுப்புள்ளியிலிருந்து அரை மில்லிமீட்டருக்குள். அந்த அளவு துல்லியம் வேண்டுமென்றால் எடையை விட முக்கியமான வேறொன்றைப் பிடிக்க வேண்டும்.

அது பெல்லட்டின் தலை அளவு, அதாவது முன்பக்க விட்டம். 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று மூன்று டின் வாங்கினேன். டின் மாற்றும்போதெல்லாம் முதல் 15 குண்டைக் கணக்கில் சேர்க்கவில்லை, முந்தைய பெல்லட்டின் ஈயம் குழலில் படிந்திருக்கும். பிறகு பத்துப் பத்தாக ஐந்து குரூப், வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை வெர்னியரில் அளந்தேன். 4.50 சராசரி 6.8 மில்லிமீட்டர், 4.51 கொஞ்சம் பரவாயில்லை, 6.5. 4.49 மட்டும் 5.4. ஒரு குண்டின் துளையே 4.5 அகலம் என்பதால், பத்துக் குண்டும் ஏறக்குறைய ஒரே ஓட்டையில் போயிருந்தது. அட்டையை மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன், அவர் ஒரு குண்டுதான் சுட்டிருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

அந்தச் சந்தோஷத்தில் அதே கம்பெனி, அதே 4.49 என்று இன்னொரு டின் வாங்கி வந்தேன். 6.6! டின்னைத் திருப்பிப் பார்த்தால் லாட் எண், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண், வேறு. அச்சு மாறினாலோ தேய்ந்தாலோ பெல்லட் நுணுக்கமாக மாறும், கண்ணுக்குத் தெரியாது, குழலுக்குத் தெரியும். அதனால் புதிதாக வாங்குகிறவர்கள் தலை அளவை மட்டும் கேட்காமல் லாட் எண்ணையும் குறித்து வையுங்கள், பொருந்தியது தெரிந்தவுடன் அதே லாட்டில் மொத்தமாக வாங்குங்கள்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். அந்த லாட்டில் ஆறு டின் மீதி இருந்தது, ஆறையும் எடுத்தேன். 3000 பெல்லட், போட்டிக்கும் அதற்கு முந்தைய வாரத்துக்கும் மட்டும், தினப் பயிற்சிக்கு 4.51. குளச்சலில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் நண்பரின் டின்னில் வெள்ளைப் பொடி பூத்ததைப் பார்த்திருக்கிறேன், ஈயம் ஈரக்காற்றைத் தாங்காது. அதனால் என் ஆறு டின்னும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடி இறுகிய டப்பாவில் இருக்கின்றன, சமையலறையிலிருந்து தள்ளி. பெல்லட் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் நான் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.