கிரெனோபிளுக்குப் போகிறவனுக்கு ஒரு ஜோடி கம்பு

புதுச்சேரியில் பிரான்சு என்றால் பாதிப் பேருக்குப் பாரிஸ்தான், அதிலும் கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கம் இருக்கும் லா ஷாப்பெல் கடைத்தெரு. மீதிப் பேருக்கு அதன் சுற்றுவட்டாரம்: சார்செல், லா கூர்னவ். 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களும் சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்) பென்ஷன் வாங்கும் தாத்தாக்களும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போய்த் தங்கினார்கள். அதனால் ஆல்ப்ஸ் அடிவாரத்துக்குப் போகிறவனுக்கு இங்கே கிடைக்கிற யோசனையில் பாதி உதவாது.

தம்பி மகன் செப்டம்பரில் அந்த அடிவாரத்து ஊரான கிரெனோபிளில் படிக்கப் போகிறான். நான் பல வருஷமாக அங்கேயே இருப்பவள். ஆகஸ்ட் விடுமுறைக்கு முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் மிளகாய்த்தூள், வடகம், குக்கர் என்று பட்டியல் சொல்லிக்கொண்டிருக்க, அவன் என்னைத் தனியாகப் பிடித்துக் கேட்டான்: "அத்தை, அங்க எல்லாரும் ஸ்கீ போவாங்களாமே, நானும் போகணுமா?"

ஸ்கீ என்றால் இரண்டு காலிலும் நீளப் பலகை மாட்டி, கைக்கு ஒரு கம்பு பிடித்துப் பனியில் சறுக்குவது. கட்டாயம் ஒன்றும் இல்லை. ஆனாலும் போ என்றுதான் சொன்னேன். ஷார்த்ரூஸ், வெர்கோர், பெல்தோன் என்று மூன்று பக்கமும் மலை, நடுவில் தட்டையாகக் கிடக்கிறது ஊர். 1968-இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த இடம். பிரெஞ்சு ஸ்கீ வீரர் ஷான்-குளோத் கீலி மூன்று தங்கம் வாங்கிய ஷாம்ரூஸ் சரிவுக்கு இன்றைக்கும் ஊரிலிருந்து பஸ் ஏறிப் போகலாம். டிசம்பர் வந்துவிட்டால் திங்கட்கிழமை காலையில் காபி மெஷின் முன்னால் வேறு பேச்சே கிடையாது. எங்கே பனி நன்றாக இருந்தது, எந்தச் சரிவு ஐஸாக இறுகிக் கிடந்தது, யார் எங்கே விழுந்தார்கள், இதுதான். பிரெஞ்சு சுத்தமாகப் பேசினால் போதும், கலந்துவிடலாம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த ஊரில் பேசுவதற்கு விஷயமும் வேண்டியிருக்கிறது. நான் மலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் ஆபீஸ்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள்.

சரி, சாமான் விஷயம். பலகையும் பூட்ஸும் வாடகைக்கு எடுக்கிறபோது கடைக்காரர் எடை, உயரம், கால் அளவு எல்லாம் கேட்பார். பூட்ஸைப் போட்டு நடக்கச் சொல்வார். கம்பு விஷயத்தில் மட்டும் யாருக்கும் அக்கறை இருக்காது. மூலையில் கிடக்கிற ஒரு ஜோடியைக் கையில் திணித்து அனுப்புவார்கள். நாமும் இனாமாக வந்ததுதானே என்று வாங்கிக்கொள்வோம். அங்கேதான் கெட்டுப்போகிறது. கம்பு நீளமாகப் போனால் கை மேலே தூக்கிக்கொள்ளும், உடம்பு பின்னால் சாயும், எடை குதிகாலுக்குப் போய்விடும். அப்புறம் பலகை திரும்பவே திரும்பாது. ரொம்பக் குட்டையாக இருந்தால் இடுப்பை வளைத்துக் குனிய வேண்டிவரும்.

அளவைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டிவிடலாம் என்று மொட்டைமாடிக்கு மாப்புக் கட்டையை எடுத்துக்கொண்டு போனோம். அப்பாவும் வந்து நின்றார். அவர் இளவயதில் சிலம்பம் ஆடியவர். "கம்புன்னா நெத்தி வரைக்கும் வரணும்" என்றார். சிலம்பத்துக்கு அது சரி. சரிவில் இறங்குகிற கம்பு அவ்வளவு வேண்டாம். அதைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும், கைப்பிடி தரையில் படும்படி. முனைக்குச் சற்று மேலே பிளாஸ்டிக்கில் ஒரு வட்டத் தட்டு இருக்கும். தலைகீழாக இருக்கும்போது அந்தத் தட்டுக்கு அடியில், அதை ஒட்டிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றால் முழங்கை நேர்கோணத்தில் மடங்க வேண்டும். முன்கை தரைக்கு இணையாக இருந்தால் அளவு சரி. தலைகீழாகப் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது: தட்டுக்குக் கீழே உள்ள முனை எப்படியும் பனிக்குள் புதையும், அந்த நீளத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

கணக்காகச் சொன்னால் உயரத்தை 0.7 ஆல் பெருக்க வேண்டும். இவன் 168 சென்டிமீட்டர், 118-ஐ ஒட்டி வருகிறது. கடையில் கம்பு பெரும்பாலும் 5 சென்டிமீட்டர் இடைவெளியில்தான் கிடைக்கும், 115 அல்லது 120. இரண்டுக்கும் நடுவில் மாட்டினால் குட்டையானதை எடு என்பேன்.

அவன் விடவில்லை. "எல்லாத்துக்கும் இதே கம்புதானா?" இல்லை. வெர்கோரில் ஓத்ரான் பக்கம் போனால் சமவெளிப் பனியில் நடையும் சறுக்கலுமாகப் போகிற இன்னொரு வகை இருக்கிறது. ஒலிம்பிக்கில் அந்தப் போட்டிகள் நடந்ததும் ஓத்ரானில்தான். அங்கே கம்பை ஊன்றித்தான் உடம்பை முன்னால் தள்ள வேண்டும், அதனால் நீளம் வேண்டும். தண்டவாளம் மாதிரி வெட்டிய தடத்தில் நேராகப் போகிறவர்களுக்குத் தோள் வரை, காலை அகட்டித் தள்ளுகிறவர்களுக்கு வாய், மோவாய் உயரம் வரை. குதித்துச் சுழலும் பையன்களோ இடைஞ்சல் இல்லாமல் இருக்கட்டும் என்று வழக்கத்தைவிடக் குட்டையாக எடுப்பார்கள். ஆட்களை மேலே தூக்கிப்போகும் லிப்ட் இல்லாத மலையில் தாங்களே ஏறிப்போய் இறங்குகிறவர்களுக்கு நீட்டி மடக்குகிற கம்பு. அதில் திருகி இறுக்குவதைவிட நெம்புகோல் வைத்த பூட்டு நல்லது, உறைந்துபோன விரலோடு கையுறையைக் கழற்றாமலே மாற்றலாம்.

அந்தத் தட்டையும் பார்க்க வேண்டும். மிஷின் ஓட்டிச் சமன்செய்த சரிவுக்குச் சின்னத் தட்டு போதும். புதுப்பனியில் அது அப்படியே உள்ளே போய்விடும், உள்ளங்கை அகலத்துக்குத் தட்டு இருந்தால்தான் கம்பு நிற்கும்.

இதற்கு நடுவே சார்செல் சித்தப்பா அனுப்பிவைத்த ஜோடி வேறு இருக்கிறது. பழைய சாமான் சந்தையில் வாங்கியது, கார்பன், பாம்பு நெளிவதுபோல் வளைந்தது. வீட்டில் எல்லோருக்கும் அதைப் பார்த்து ஒரே பெருமை. அந்த வளைவு பந்தயக்காரர்களுக்கானது. குனிந்து சுருண்டு வேகமாக இறங்கும்போது காற்றில் துருத்தாமல் கம்பு உடம்பைச் சுற்றி ஒட்டிக்கொள்ள வேண்டும், அதற்காக வளைத்திருக்கிறார்கள். பச்சைக் குறி போட்ட சுலபமான சரிவில் தத்தித் தத்திப் போகிறவனுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கார்பன் லேசுதான், ஊன்றினால் விறைப்பாக நிற்கும், மறுக்கவில்லை. பலகையின் இரும்பு ஓரம் பட்டு ஒரு கீறல் விழுந்தால் பிறகு ஒருநாள் பட்டென்று ஒடியும். அலுமினியம் வளையும், ஆனால் வளைந்த கம்போடும் கீழே வந்து சேரலாம். புதிதாகக் கற்றுக்கொள்கிறவன் விழுந்துகொண்டேதான் இருப்பான், அவனுக்கு 20, 30 யூரோ அலுமினியமே அதிகம்.

கைப்பிடியில் தொங்கும் கைவாரைப் பற்றி மட்டும் இரண்டு தடவை சொன்னேன். கையைக் கீழிருந்து மேலாக வாருக்குள் விட்டு, வாரையும் கைப்பிடியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கம்பைப் பிடித்தபடியே விழுந்தால் கட்டைவிரல் அடிமூட்டின் தசைநார் கிழியலாம். அங்கே டாக்டர்கள் அதற்கு ஸ்கீக்காரன் கட்டைவிரல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதனால் விழுகிறோம் என்று தெரிந்ததும் கைப்பிடியை விட்டுவிடப் பழக வேண்டும். லிப்ட் நாற்காலியில் ஏறும்போது வாரைக் கழற்றி இரண்டு கம்பையும் ஒரு கையில் பிடிப்பது, மரங்களுக்கு நடுவிலும் பனி இடிந்து சரியும் அபாயம் உள்ள இடத்திலும் வாரை மாட்டாமலே இருப்பது, இதில் எல்லாம் விளையாட்டு வேண்டாம்.

எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் கவலையாக ஒன்று கேட்டான்: "சித்தப்பா தாத்தா போட்டோ அனுப்பச் சொல்வாரே, அத்தை?" ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிடு, இலையுதிர்காலத்தில் ஊரெல்லாம் பழைய ஸ்கீ சாமான் விற்பனை போடுவார்கள், வளைந்த ஜோடியை அங்கே தள்ளிவிட்டு அந்தக் காசில் நனையாத கையுறை வாங்கு என்றேன். அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.