டெக்சஸ் மெடிகெய்டில் என் க்ளினிக்கைப் பதிந்த அனுபவம்

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் குழந்தைகளுக்கான பிசியோதெரபி க்ளினிக் திறந்த மூன்றாவது வாரம், ஒரு அம்மா இரண்டு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார். செரிப்ரல் பால்சி, அதாவது மூளைப் பாதிப்பால் தசை இயக்கம் கட்டுக்குள் வராத நிலை. நிறுத்தினால் கால் இரண்டும் கத்தரிக்கோல்போலப் பின்னிக்கொண்டன. அவர் நீட்டியது ஸ்டார் கிட்ஸ் கார்டு. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காக 2016 நவம்பரில் டெக்சஸ் தொடங்கிய மெடிகெய்டுத் திட்டம் அது. மெடிகெய்டு என்பது வருமானம் குறைந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரசு தரும் மருத்துவக் காப்பீடு. என்னிடம் லைசென்ஸ் இருந்தது, மெத்தை, பந்து, கைப்பிடிக் கம்பி எல்லாம் இருந்தன. மெடிகெய்டுப் பதிவு மட்டும் இல்லை. வேறொரு இடத்தின் முகவரியை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அங்கே காத்திருப்போர் பட்டியல் நீளம் என்று தெரிந்தேதான் கொடுத்தேன். அன்றைக்கு ராத்திரியே போர்ட்டலைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன்.

பதிவு என்றால் ஒரே வேலை என்று நினைத்திருந்தேன். மூன்று வேலைகள். முதலில் மாநிலத்திடம் என்ரோல்மென்ட், அதாவது மெடிகெய்டில் சிகிச்சை தருபவராகப் பதிவது. டெக்சஸில் இது 2021 டிசம்பரிலிருந்து பெம்ஸ் என்ற போர்ட்டல் வழியாக நடக்கிறது. ஆனால் இங்கே பெரும்பாலான குழந்தைகளின் மெடிகெய்டை நிர்வகிப்பவை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள். அதனால் இரண்டாவதாக, அந்தக் கம்பெனிகளுக்காக கிரெடென்ஷியலிங்: படிப்பு, லைசென்ஸ், வேலை அனுபவம், மால்பிராக்டிஸ் இன்ஷூரன்ஸ் (சிகிச்சைத் தவறுக்கான காப்பீடு) எல்லாவற்றையும் மூலத்திலேயே விசாரித்துச் சரிபார்ப்பார்கள். மூன்றாவது, ஒவ்வொரு கம்பெனியோடும் தனித்தனிக் காண்ட்ராக்ட். முதல் படி முடிந்ததுமே கதவு திறந்துவிட்டது என்று நினைத்துக் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். எஃபெக்டிவ் டேட், அதாவது பதிவு செல்லுபடியாகத் தொடங்கும் தேதி, எழுத்தில் கைக்கு வரும்வரை பொறுங்கள். அதற்கு முந்தைய தேதியில் தந்த சிகிச்சைக்குப் பணம் கேட்டு அனுப்பும் க்ளெய்ம் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

நான் மாட்டிக்கொண்டது பெயரில். இதை நம் ஆட்களுக்கென்றே விரிவாகச் சொல்கிறேன். கோவையில் வாங்கிய பட்டத்தில் என் பெயரும் முன்னால் ஒரு இனிஷியலும். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து, அப்பாவின் பெயர் கடைசிப் பெயராகிவிட்டது. லைசென்ஸுக்காக இங்கே எழுதும் என்.பி.டி.இ. பரீட்சை, லைசென்ஸ், சிகிச்சை தருபவர்களுக்கான தேசிய அடையாளமான பத்து இலக்க என்.பி.ஐ. எண் எல்லாம் அந்தப் பெயரில்தான். கல்யாணத்துக்குப் பிறகு சோஷியல் செக்யூரிட்டி கார்டில் கணவர் பெயருக்கு மாறினேன். அப்புறம் திறந்த சி.ஏ.கியூ.ஹெச். கணக்கும் (கிரெடென்ஷியலிங்குக்காக இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பார்க்கும் பொது விவரக் கோப்பு) புதுப் பெயரில். இத்தனை வருஷம் இதை யாரும் கேட்டதில்லை. விண்ணப்பம் போட்டதும் கேட்டார்கள்: லைசென்ஸில் இருக்கும் ஆளும் இந்த சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்குரிய ஆளும் ஒருவர்தானா?

கோபம் வரவில்லை. சரிபார்ப்பவர் கண்முன் இரண்டு பெயர்கள்தானே இருக்கின்றன? ஆனால் சரிசெய்ய ஒரு வரிசை உண்டு. முதலில் கல்யாணச் சான்றிதழை வைத்து லைசென்ஸ் போர்டில் பெயர் மாற்றம். அது இணையதளத்தில் ஏறியதும் என்.பி.ஐ. பதிவேட்டில். அப்புறம்தான் விண்ணப்பத்தைத் திருத்தித் திரும்ப அனுப்ப வேண்டும். வரிசை மாறினால் மறுபடி முட்டும். கூடவே இன்னொன்றும் கண்ணில் பட்டது: வாடகை ஒப்பந்தத்தில் இருந்த ஸ்வீட் (suite) நம்பர், அதாவது கட்டிடத்துக்குள் எங்கள் பகுதியின் எண், என்.பி.ஐ. முகவரியில் இல்லை. அதையும் அப்போதே சேர்த்தேன். நீங்கள் விண்ணப்பத்தைத் தொடும் முன், லைசென்ஸ், சோஷியல் செக்யூரிட்டி கார்டு, என்.பி.ஐ. பக்கம், க்ளினிக்கின் வரி எண்ணுக்கு வரித்துறையான ஐ.ஆர்.எஸ். அனுப்பிய கடிதம், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தத் துறைச் சிகிச்சை என்று காட்டும் டாக்ஸானமி கோட் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். க்ளெய்ம் அனுப்பும்போது அதுவும் பொருந்த வேண்டும்.

உரிமையாளர் விவரம் கேட்கும் பகுதியையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 5 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு உள்ள எல்லோரையும், க்ளினிக்கை நிர்வகிப்பவர்களையும் காட்ட வேண்டும். பங்கு முழுக்க என்னுடையதுதான். ஆனாலும் அன்றாட நிர்வாகம் கணவர் கையில் என்பதால் அவருடைய பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் கொடுத்தேன்.

மோசடி நடக்கும் வாய்ப்பை வைத்துப் பிரித்ததில், பிசியோதெரபிஸ்டுகள் நடுத்தர ஆபத்து வகையில் வருகிறோம். 2010-இல் வந்த அஃபோர்டபிள் கேர் ஆக்ட் அடிப்படையில் வகுத்த பிரிவு அது. அதனால் நேரில் வந்து பார்ப்பார்கள், முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி, கட்டணம் கட்டி வரும் ஒரு குழந்தையைப் பெரிய பந்தின்மேல் குப்புறப் படுக்கவைத்துத் தலை தூக்கப் பழக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெண்மணி அடையாள அட்டையைக் காட்டி, "நீங்கள் முடியுங்கள், நான் நிற்கிறேன்" என்றார். கதவில் ஒட்டியிருந்த வேலை நேரத்தை, பெயர்ப்பலகையை, சுவரில் இருந்த லைசென்ஸை, கருவிகளைப் படம் பிடித்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இந்தச் சோதனை எனக்குச் சரியென்றே படுகிறது. இல்லாத க்ளினிக்கின் பேரில் க்ளெய்ம் போட்டால், போவது இந்தக் குழந்தைகளுக்கான பணம்தான்.

மாநிலத்தின் ஒப்புதல் வந்த பிறகு கிரெடென்ஷியலிங் ஓரளவு சுலபமாகவே போனது, பெயர் ஏற்கெனவே நேராகிவிட்டதால். வேலை அனுபவத்தில் பிரசவத்துக்காக விட்ட எட்டு மாத இடைவெளிக்கு மட்டும் விளக்கம் கேட்டார்கள். ஒரு வரி எழுதிக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். சி.ஏ.கியூ.ஹெச்-இல் 120 நாளுக்கு ஒருமுறை விவரங்கள் சரி என்று உறுதிசெய்ய வேண்டும். தவறினால் கோப்பு அப்படியே நின்றுவிடும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறு கிரெடென்ஷியலிங், ஐந்து வருஷத்துக்குள் மாநிலத்திடம் மறுபதிவு. இந்தத் தேதிகளை ரிசப்ஷன் காலண்டரில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறேன்.

கடைசிக் காண்ட்ராக்ட் கடிதம் வர, தொடங்கியதிலிருந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த அம்மாவின் எண்ணை எடுத்து வைத்திருந்தேன். கூப்பிட்டேன். பையன் இன்னும் பட்டியலில்தான் இருந்தான். அடுத்த திங்கட்கிழமை வந்தான். தொடைத் தசை முன்பைவிட இறுகியிருந்தது. முதல் நாள் முழுக்க அழுதான். இரண்டாவது வாரம் கம்பியைப் பிடித்து நான்கு விநாடி நின்றான்.