வத்தல் வீட்டில், அப்பளம் கல்லிடைக்குறிச்சியில்

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு மொட்டை மாடி வத்தலுக்குத்தான் சொந்தம். பச்சரிசியை ஊறவைத்து அரைத்து முதல் நாள் ராத்திரியே கூழ் கிண்டி மூடிவிடுவோம். விடிந்ததும் எலுமிச்சம்பழம் பிழிந்து கலக்கி, நனைத்துப் பிழிந்த பழைய வேட்டியில் கரண்டியால் ஊற்றிக்கொண்டே போகவேண்டியதுதான். மிளகாய், சீரகம், பெருங்காயமெல்லாம் அவரவர் வாய்க்குத் தகுந்தபடி. உப்பு விஷயத்தில் மட்டும் அத்தை விடமாட்டார். "கூழ்ல உப்பு பத்தலைன்னு தோணணும் பிள்ள, அப்பத்தான் வத்தல்ல சரியா இருக்கும்." உண்மைதான், தண்ணீர் வற்றும், உப்பு வற்றாதே. சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டு முதுகுப் பக்கம் தண்ணீர் தெளித்தால் ஒவ்வொன்றாகக் கையோடு வந்துவிடும். மறுநாள் தட்டில் பரப்பவேண்டும். ஒடித்தால் சத்தம் வரவேண்டும், வளைந்தால் இன்னொரு வெயில்.

காக்காவுக்குக் காவல் உட்காரும் நேரம் ஒயர் கூடைக்கு. கடையில் கிடைக்கிற கூடையின் பிடி எப்போதும் எனக்கு நீளம், தூக்கினால் அடி தரையில் இழுபடும். அதனால் நானே போட்டுக்கொள்கிறேன். டிபன் கேரியர் சாயாமல் நிற்கிற அளவுக்கு அடி, அதற்கு மேல் சுற்று, பிடிக்குள் மிச்ச ஒயர்த் துண்டுகளை வைத்து இறுக்கிச் சுற்றிவிட்டால் எவ்வளவு கனமும் தாங்கும். சிவன் கண் முடிச்சு பார்க்க அழகு, ஆனால் அந்தக் கண் வழியாகச் சின்னச் சாமானெல்லாம் நழுவும். நெல்லிக்காய் முடிச்சு ஒயரைத் தின்னும், விரலையும் காய்ச்சுப்போக வைக்கும். தினம் காய்கறிக்குத் தூக்குகிற கூடைக்குச் சாதா முடிச்சு போதும் என்பேன், அழகுக் கூடைக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

இவ்வளவு செய்கிறவள் அப்பளம் மட்டும் ஏன் போடுவதில்லை என்று கேட்பவர்கள் உண்டு. வத்தல் கோணலாக இருந்தாலும் பொரிந்துவிடும். அப்பளம் அப்படியில்லை. உளுந்து மாவில் உப்பும், சோடா உப்பு மாதிரியான அப்பளக்காரமும் சேர்த்து, எண்ணெய் தொட்டுத் தொட்டு மாவு இளகும்வரை இடிக்கவேண்டும். அப்புறம் நடுவும் ஓரமும் ஒரே கனத்தில் இருக்கிறபடி தேய்க்கவேண்டும், ஓரம் தடித்தால் நடு கருகும்போது ஓரம் வேகாமல் நிற்கும். வத்தலைப் போல மொறுமொறுவென்று காயவிடவும் கூடாது, எடுக்கும்போதே உடையும். அது நாள் முழுக்க அதையே செய்கிற கைகளின் வேலை. அந்தக் கைகள் கல்லிடைக்குறிச்சியில் இருக்கின்றன, எங்களுக்கும் ஊர் சுற்ற ஒரு சாக்கு வேண்டும்.

திருநெல்வேலியில் செங்கோட்டை பாசஞ்சரைப் பிடித்தால் பேட்டை, சேரன்மகாதேவி, காருக்குறிச்சி, வீரவநல்லூர் தாண்டிக் கல்லிடைக்குறிச்சி. புளியோதரையும் காணத்துவையலும் (காணம் என்றால் கொள்ளு) கட்டிக்கொண்டு போனோம். துவையலுக்குக் காணத்தைச் சிவக்க வறுக்கவேண்டும், பாதி வறுபட்டால் பச்சை வாடை அடிக்கும். காருக்குறிச்சி நாகஸ்வரத்துக்குப் பேர்போன ஊர் என்றாலும் என் கண் அங்கே மண்சட்டி மீதுதான், ரயிலில் இருந்தபடி ஆசைப்பட்டதோடு சரி.

இறங்கியதும் முதலில் ஆறு. தாமிரபரணியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு குலசேகரமுடையார் கோயிலுக்குப் போனோம். 1982இல் திருடுபோன நடராஜர் ஆஸ்திரேலியா வரைக்கும் போய் 2019இல்தான் திரும்பி வந்தார். அந்தக் கதையைச் சொன்னதும் அதுவரை பசி பசி என்று அரற்றிக்கொண்டிருந்த சின்னவன் வாயை மூடினான். "விமானத்துலயா வந்தாரு?" என்று ஒரே கேள்வி.

அப்பளம் வாங்கும்போது ஒன்று பாருங்கள்: கட்டிலிருந்து ஒன்றை உருவி லேசாக வளைத்தால் கொஞ்சம் வளைந்து கொடுக்கவேண்டும், ஓரத்தில் வெடிப்பு இருக்கக்கூடாது. திரும்பும்போது பத்தமடை வழியாகப் பஸ். கோரைப்பாய்க்கு 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். பட்டுப்பாயின் விலையை நினைத்து நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

ராத்திரிக்குச் சுண்டைக்காய்ப் புளிக்குழம்பு. எண்ணெய் புகைவதற்கு முன்பே அப்பளத்தைப் போட்டு, கரண்டியால் நடுவில் ஒரு அமுக்கு, உடனே ஒரு புரட்டு, எடுத்துவிடவேண்டும். அத்தைக்கு மட்டும் எப்போதும் போல தணலில் சுட்டு, மேலே ஒரு சொட்டு நெய்.