ஒட்டாவாவில் ஐஸ், காட்பாடியில் கான்கிரீட்

என் மச்சான் கனடாவில், ஒட்டாவாவில் இருக்கிறான். டிசம்பர் பிறந்தால் வீட்டுப் பின்பக்கம் நாலு பக்கமும் பலகை அடிப்பான், நடுவில் வெள்ளை பிளாஸ்டிக் ஷீட் விரிப்பான், ஹோஸ் பைப்பில் தண்ணீர் விடுவான். குளிர் மைனஸ் 10-க்குக் கீழே போனால் இரண்டு மூன்று நாளில் தண்ணீர் கல்லாகிவிடும். அப்புறம் மார்ச் வரைக்கும் அவன் பிள்ளைகள் அதில் சறுக்கிக்கொண்டிருப்பார்கள். அந்த வீடியோவை எல்லாம் என் மகள் போன வருஷம் மே மாதம் ஒரு மத்தியானம் வரிசையாகப் பார்த்தாள். காட்பாடியில் அன்றைக்கு 41 டிகிரி. ஃபேன் அனல்காற்றை அள்ளி வீசிக்கொண்டிருந்தது.

"அப்பா, நம்ம வீட்லயும் மாமா மாதிரி போடலாம்பா."

சிரித்து விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் பார்க்கலாம் என்றால் சரி என்று அர்த்தம்.

முதலில் அவள் ஆசைக்காக ஒரு சோதனை. ஐஸ் ஃபேக்டரியில் 50 கிலோ அளவுக்கு ஐஸ் பார் வாங்கி, உமி தூவிய சாக்கில் சுற்றி, டிவிஎஸ் 50-ல் கட்டிக்கொண்டு வந்தேன். பின்வாசலில் தார்ப்பாய் விரித்து, மூன்றடிக்கு மூன்றடி இடத்தில் உடைத்துப் பரப்பினோம். காலை ஏழரை மணி. மகள் சாக்ஸ் போட்ட காலோடு பெரிய துண்டு ஒன்றின் மேல் ஏறி நின்றாள். மகன் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஓடினான் (மீன் மார்க்கெட் ஐஸ், பிடுங்கி எறிந்தேன்). பதினொரு மணிக்கு என் அம்மா வந்து தார்ப்பாயை ஒரு பக்கம் தூக்கினார்கள். தண்ணீர் முழுக்க வாழைக்குப் போனது.

"வாழைக்காவது ஆச்சே" என்றார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெப்பம் கிட்டத்தட்ட 1 கிலோவாட். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் போதும். அத்தனை வெயிலையும் ஐஸ் உறிஞ்சிக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் பத்துக் கிலோவுக்கு மேல் காலி. அனல்காற்று செய்யும் வேலை தனி. ஐஸ் சறுக்கு உள்ளரங்கங்களில் கான்கிரீட்டுக்குள் குழாய் பதித்து, உறையாத உப்புக் கரைசலைக் குளிரவைத்து ஓட்டி, மேலே ஓர் அங்குலம் ஒன்றேகால் அங்குலத்துக்கு ஐஸ் கட்ட வைக்கிறார்கள். டேராடூனில் 2011-ல் கட்டியது அந்த வகை. சிம்லாவில் 1920 முதல் இருப்பது மச்சான் வகை, ராத்திரிக் குளிரிலேயே உறைவது. முதல் வகையை என் பின்வாசலில் போட்டால், வெயிலைச் சமாளிக்க மட்டும் ஒன்றரை டன் ஏசி 13 ஓடவேண்டும். இரண்டாவது வகைக்கு நான் மலை ஏறி எங்காவது குடிபோகவேண்டும்.

சரி, ஐஸ் இல்லாவிட்டால் சக்கரம். ரோலர் ஸ்கேட்டிங் தளம் போடுவது என்று முடிவாயிற்று. மச்சானிடம் அளவு கேட்டேன். இருபதுக்கு முப்பத்தாறு அடி என்றான். எங்கள் பின்வாசலிலும் வேப்பமரத்தை விட்டுவிட்டு அளந்தால் அதே அளவு இடம் இருந்தது. கனமும் ஒன்றுதான்: ஐஸ் ஆள் தாங்க 4 அங்குலம் வேண்டும் என்றான், எனக்குக் கான்கிரீட்டும் 4 அங்குலம். ஆக இரண்டு பேருக்கும் 240 கன அடி. அவனுக்கு அது குழாய்த் தண்ணீர், ஏறக்குறைய 6,800 லிட்டர். எனக்கு 55 மூட்டை சிமெண்ட், ஒரு யூனிட்டுக்கு (நூறு கன அடி) கொஞ்சம் மேலே எம்-சாண்ட், இரண்டு யூனிட்டுக்கு மேலே முக்கால் ஜல்லி. என் மனைவி அந்தச் சீட்டைப் படித்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. தம்பிக்குப் போன் போட்டு, அவனைத்தான் திட்டினாள்.

வேலை பங்குனி ஆரம்பத்தில் தொடங்கியது. அது தப்பு, பின்னால் சொல்கிறேன். மேல்மண்ணை எடுத்துவிட்டு, அரை அடிக்குக் கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இரண்டு நாள் இடித்தோம். இதில் மட்டும் யாரும் கஞ்சத்தனம் பண்ணக்கூடாது. அடிமண் ஓரிடத்தில் அமுங்கினாலும் மேலே தளம் உடையும். கிராவல் மேல் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரிக்கச் சொன்னேன். காய்ந்த மண் கான்கிரீட்டில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அதைத் தடுக்கத்தான். படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன். "நான் வெள்ளை ஷீட்தான் போடுவேன் மாமா, கறுப்பு போட்டா வெயில் இழுத்து அடியில ஐஸ் கரைஞ்சிடும்" என்று பதில் வந்தது. வெயிலைப் பற்றி ஒட்டாவாக்காரன் எனக்குச் சொல்கிறான்.

கொத்தனார் ஐம்பது வயதுக்காரர், கே.வி.குப்பம் பக்கம். டியூப் லெவல் பிடித்துக்கொண்டே கேட்டார்: "இன்னா சார் இது, கல்யாண மண்டபத்துக்குத் தரையா?" பசங்க சக்கரச் செருப்பு போட்டு ஓடுவதற்கு என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அப்புறம் சித்தாளிடம், "தார் ரோடு இருக்குதே" என்றார்.

கலவை போட்ட அன்று காலை எட்டு மணிக்கு மிஷின் வந்தது. பத்தரைக்குள் பாதி தளம், ஒரு மணிக்கு முழுத் தளம். அந்த நேரத்தில் மேற்கிலிருந்து காய்ந்த காற்று வேறு. மட்டப்பலகை இழுத்து முடித்த இடத்தில் பத்தே நிமிஷத்தில் ஈரப் பளபளப்பு போய் வெளுத்துவிட்டது. நான் ஈரச் சாக்கு வாங்கிவர ஓடினேன். வருவதற்குள் கொத்தனார் காய்ந்த சிமெண்டைக் கையால் தூவிக் கரணையால் தேய்த்து, தரையைக் கண்ணாடியாக்கி வைத்திருந்தார். "மொசைக் மாதிரி கீதா சார்?" என்றார் பெருமையாக. இருந்தது. பிரச்சினையே அதுதான் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

இந்த ஊர் வெயிலில் இப்படித் தளம் போடுபவர்களுக்கு நான் சொல்வது: சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஆரம்பியுங்கள், லைட் கட்டி ராத்திரி முடியுங்கள். இல்லையா, கார்த்திகை தாண்டி மழை விட்டதும் போடுங்கள். மாசிக்கு மேல் பகலில் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, கோடு வெட்டுவது. கான்கிரீட் காயும்போது சுருங்கும். எங்கே விரிசல் விடவேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் அது இஷ்டத்துக்கு விடும். அதனால் ஒன்பது பத்தடிக்கு ஒரு கோடு, கனத்தில் கால்பங்கு ஆழத்துக்கு மிஷினால் வெட்டவேண்டும். என் தளத்துக்கு எட்டுக் கட்டம். இந்தச் சூட்டில் மறுநாள் காலையே வெட்டியாகவேண்டும். கட்டிங் மிஷின் ஆள் மூன்றாம் நாள் வந்தார். அவர் வரும் முன்பே இரண்டாவது கட்டத்தில் மூலைக்கு மூலை மயிரிழை ஒன்று ஓடியிருந்தது. அவர் அதைக் காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது கோடு மாதிரிதான் சார்" என்றார்.

அப்புறம் தண்ணீர் கட்டும் வேலை. ஓரத்தில் மண்ணால் பாத்தி கட்டி, ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி, பதினாலு நாள் வைத்தோம். ஓர் அங்குலம் என்றால் லேசாகத் தெரியும், அந்த அளவுக்கு 1,700 லிட்டர். இது தண்ணியில்லாத ஆறு என்று பேர் வாங்கிய பாலாற்று ஊர். போர் தண்ணீர் வீட்டுக்கே இழுபறி, ஆகவே டிராக்டர் தண்ணீர் இரண்டு தடவை வாங்கினேன். தினமும் ராத்திரி சாப்பிட்டுவிட்டு, வெயில் குடித்ததை ஈடுகட்ட டியூபைப் பிடித்துக்கொண்டு தளத்து ஓரத்தில் நிற்பேன். ஒட்டாவாவில் அது பகல். ஒருநாள் மச்சான் வீடியோ காலில் வந்தான். அவனும் டிசம்பரில் இதே மாதிரி ராத்திரி பதினொரு மணிக்கு ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்பானாம். மெல்லிசாக ஒரு சுற்று விட்டு, உறைந்ததும் அடுத்த சுற்று. மேல் சுற்றுக்கு வெந்நீர் விட்டால் பழைய கீறல்கள் லேசாகக் கரைந்து ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்றான். இரண்டு வீட்டிலும் பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் கேட்கும் கேள்வியும் ஒன்றே: "ஆச்சா?"

பதினைந்தாம் நாள் பாத்தியை உடைத்து, கழுவி, காயவிட்டு, பிள்ளைகளை இறக்கினேன். ஹெல்மெட், முட்டிக் காப்பு, மணிக்கட்டுக் காப்பு எல்லாம் போட்டுக்கொண்டு மகள் நடுவில் போய் அசையாமல் நின்றாள். நின்றபடியே மெல்ல நகர ஆரம்பித்தாள். கையை ஆட்டவில்லை, காலை ஆட்டவில்லை, துணி துவைக்கும் கல்லை நோக்கி அப்படியே மிதந்து போனாள். "அப்பா, நான் ஒண்ணும் பண்ணலப்பா!" நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

கொத்தனாருக்குப் போன் போட்டேன். "வாட்டம் குடுக்கலன்னா மழைத்தண்ணி நிக்கும் சார்" என்றார். வாட்டம் வேண்டியதுதான், நூறடிக்கு ஓரடி போதும். இருபதடி அகலத்துக்கு இரண்டரை அங்குலத்துக்குள் அடங்கும். அவர் நாலு அங்குலம் கொடுத்திருந்தார், மொட்டைமாடி நினைப்பு. இனி இடிக்கமுடியாது. துவைகல்லைத்தான் பெயர்த்து அந்தப் பக்கம் நகர்த்தினோம். ஓரத்தில் பழைய டயர் நாலு நட்டோம். இப்போது மகனுக்கு அந்தச் சரிவு ரொம்பப் பிடித்த இடம். மேல்பக்கம் போய் நின்று, ரயில் விடுகிறேன் என்று சொல்லி, நேராக டயரில் போய் முட்டுவான்.

வழுக்கல்தான் பெரிய தலைவலி. கண்ணாடி மாதிரி தேய்த்த தரை, மேலே நம் ஊர்ப் புழுதி. கடையில் கொடுத்த ஸ்கேட்டில் கெட்டிச் சக்கரம், திரும்பினால் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போயிற்று. சக்கரத்தின் கெட்டித்தன்மையை 'ஏ' என்ற அளவுகோலில் எண்ணாகப் போட்டிருப்பார்கள்: 95-க்கு மேலே உள்ளது வழவழப்பான உள்ளரங்கத் தரைக்கு, 78 முதல் 85 வரை வெளியிடத்துக்கு. இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் ஒரு செட் பணம் மிச்சம். 82 வாங்கி மாட்டியதும் பிடிப்பு வந்துவிட்டது. தூவிய சிமெண்ட் மேல்தோலாக உரிந்து மாவாக வருவதை மட்டும் நிறுத்தமுடியவில்லை. நான்கு மாதம் விடாமல் பெருக்கியபின் தானாகக் குறைந்தது.

பெருக்குவதுதான் இதன் நித்திய பூஜை. ஒரு சின்னக் கல், ஒரு வேர்க்கடலைத் தோல் போதும், முன்சக்கரம் நின்றுவிடும், ஆள் மட்டும் மேலே போவார். வேர்க்கடலைத் தோல் எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டும். இப்படி ஒரு சமதளத்தைப் பின்வாசலில் போட்டால் அது ஸ்கேட்டிங் தளமா, களமா என்பதை முடிவு பண்ணுவது நாம் இல்லை. சித்திரையில் அம்மா வடகம் போட்டார்கள். அப்புறம் மிளகாய், புளி. அக்கம்பக்கத்து வீட்டு மிளகாயும் வந்தது. ஒருநாள் மகள் அழுதுகொண்டே வந்தாள்: "ஆயா என் ரிங்க்ல கட்டம் கட்டி வச்சிருக்காங்கப்பா." கடைசியில் ஒப்பந்தம்: நாலு மணி வரை ஆயாவுக்கு, ஐந்து மணிக்கு மேல் பிள்ளைகளுக்கு. நடுவில் ஒரு மணி நேரம் நான் பெருக்க. எப்படியும் நாலு மணிக்கு முன் அந்தத் தரையில் கால் வைக்கமுடியாது, ஆகவே யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஆனி, ஆடியில் வேப்பம்பழம். சக்கரத்தில் நசுங்கினால் விளக்கெண்ணெய் கொட்டிய மாதிரி இருக்கும். மச்சானுக்கும் மரத்தால்தான் தொல்லை. மேப்பிள் இலை ஒன்று ஐஸ் மேல் விழுந்து கிடந்தால், கறுப்பாக இருப்பதால் வெயிலை உறிஞ்சி, தன் வடிவத்துக்கே குழி பண்ணிக்கொண்டு உள்ளே இறங்கிவிடுமாம். அந்தக் குழியில் பிளேடு மாட்டினால் மூக்கு உடையும். ஆனால் அவன் கவலை வேறு. 2022-23 குளிர்காலத்தில் அவன் ஊர் ரிடோ கால்வாய் சறுக்குப்பாதை, 7.8 கிலோமீட்டர், முதல் தடவையாக ஒருநாள் கூடத் திறக்கவில்லை. அந்த வருஷம் அவன் பின்பக்கமும் பாதி நாள் கூழ்தான். "உங்களோடது வருஷம் முழுக்க இருக்கும் மாமா" என்றான் ஒருநாள். விரிசல் படத்தை அவனுக்கு இன்னும் அனுப்பவில்லை.

நானும் கற்றுக்கொண்டேன், நாற்பத்திரண்டு வயதில். விழுந்தது எத்தனை என்று பிள்ளைகள் எண்ணி வைத்திருக்கிறார்கள். முட்டியை மடக்கி, குனிந்து, முன்பக்கமாக விழக் கற்றுக்கொள்வதுதான் முதல் பாடம். பின்பக்கம் விழுந்தால் இடுப்பு போச்சு. மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வந்தாள், இரண்டாவது சுற்றுக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேப்பமரத்து நிழல்பக்கம் பாசி பிடித்தது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்தோம். ஈரத்தில் ஓட்டியதில் பேரிங் எல்லாம் கறகற. ஒரு ஜோடிக்கு எட்டுச் சக்கரம், சக்கரத்துக்கு இரண்டு பேரிங், மூன்று ஜோடிக்கு 48. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விட்டேன். சொட்டுக்கு மேல் விட்டால் புழுதி ஒட்டிக்கொள்ளும். மகன் உதவி பண்ணுகிறேன் என்று எண்ணியதில் 47 தான் இருக்கிறது. ஒன்று எங்கேயோ உருண்டிருக்கிறது, வாட்டம் இருக்கும் பக்கம்தான் தேடவேண்டும்.

இப்போது மார்கழி. விரிசலில் அடைக்க எபாக்ஸி வாங்கி வைத்துவிட்டேன். அதற்குள் துளி ஈரம் இருக்கக்கூடாது, மூன்று நாள் தொடர்ந்து வெயில் வேண்டும். மச்சான் பலகை அடித்து, ஷீட் விரித்து, தண்ணீர் நிரப்பாமல் காத்திருக்கிறான். அவனுக்கு மைனஸ் 10 வேண்டும். தினமும் காலையில் இரண்டு பேரும் அவரவர் ஊர் வானிலையை மாற்றி மாற்றி அனுப்பிக்கொள்கிறோம். நேற்று ராத்திரி இங்கே மறுபடி தூறல். எழுந்துபோய் விரிசல் மேல் தார்ப்பாயை இழுத்துவிட்டு வந்தேன், அதே ஐஸ் உடைத்த தார்ப்பாய்.