ஆறாம் வகுப்பு ஃபாரம்

ஜனவரி 28, 2025, செவ்வாய்

நேற்று சாயங்காலம் மிடில் ஸ்கூலில் பெற்றோர் கூட்டம். அமெரிக்காவின் டெக்சஸில், டாலஸுக்கு வடக்கே நாங்கள் இருக்கும் பக்கத்தில் ஐந்தாம் வகுப்போடு எலிமெண்டரி முடிந்துவிடும். ஆகஸ்டில் ஆறாம் வகுப்பு. வேறு கட்டடம், வேறு பஸ், மணி அடித்தால் பிள்ளைகள்தான் அறை மாறி ஓட வேண்டும், டீச்சர் அல்ல.

எதையெல்லாம் தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு கையேடு கொடுத்தார்கள். பக்கம் பக்கமாக இருக்கிறது. உட்கார்ந்து கழித்துப் பார்த்தால் ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் எல்லோருக்கும் உண்டு. ஆறிலிருந்து எட்டுக்குள் நாலு செமஸ்டர் உடற்கல்வி கட்டாயம். கலைப்பாடம் ஒன்றாவது முடித்தாக வேண்டும். இதெல்லாம் போக, உண்மையிலேயே நாம் டிக் அடிக்க மிஞ்சுவது இரண்டே இரண்டு இடம். ஒன்று கணக்கு, சாதாரணமா அட்வான்ஸ்டா என்று. இன்னொன்று பேண்ட் (ஊதுவதும் கொட்டுவதும்), ஆர்கெஸ்ட்ரா (வயலின் மாதிரித் தந்தி வாத்தியங்கள்), கொயர் (சேர்ந்து பாடுவது), ஓவியம், நாடகம் இவற்றில் ஒன்று. ஃபாரம் இணையத்தில், கடைசி நாள் பிப்ரவரி 14.

திரும்பி வரும்போது காரில் பாப்பா கேட்ட ஒரே கேள்வி லாக்கரைப் பற்றி. மூணு நம்பர் பூட்டாம், தானே திறக்கணுமாம். "திறக்க வரலைன்னா கிளாஸுக்கு லேட்டாயிடுமே?" அவளுடைய கவலைப் பட்டியலில் கணக்கு இல்லவே இல்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

கணக்கு இருப்பது இவருடைய பட்டியலில். எக்செல் ஷீட் போட்டுவிட்டார். எட்டாவதில் அல்ஜீப்ரா 1, ஒன்பதில் ஜியோமெட்ரி, பத்தில் அல்ஜீப்ரா 2, பதினொன்றில் ப்ரீகால்குலஸ், பன்னிரண்டில் கால்குலஸ். இந்த ஏணியில் ஏற ஆறாவதிலேயே அட்வான்ஸ்ட் எடுக்க வேண்டும். ஏனென்றால் ஆறு, ஏழு, எட்டு மூன்று வருஷப் பாடத்தையும் இரண்டு வருஷத்தில் அமுக்கி முடித்தால்தான் எட்டாவதில் அல்ஜீப்ராவுக்கு இடம் கிடைக்கும்.

தமிழ்ப் பள்ளி வாசலில் இன்று முழுக்க இதே பேச்சு. பிள்ளைகள் உள்ளே ஆத்திசூடி சொல்லிக்கொண்டிருக்க, வெளியே நாங்கள் மடக்கு நாற்காலி போட்டு அல்ஜீப்ரா ஜபம். ஒருத்தர், கோடையில் தேர்வு எழுத வைத்து ஒரு வருஷத்தையே தாண்டவைக்கப் போகிறாராம். இன்னொருத்தர், "ஆறாவதுல விட்டா பிடிக்கவே முடியாதுங்க" என்றார், ஏதோ திருச்சி ஜங்ஷனில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸைச் சொல்வது மாதிரி.

உண்மையில் இதில் நாம் துடிக்க ஒன்றும் இல்லை. 2023இல் டெக்சஸ் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது, செனட் மசோதா 2124. ஐந்தாம் வகுப்பு மாநிலத் தேர்வில் கணக்கில் மேல் 40 சதவீதத்துக்குள் வரும் பிள்ளையை, யாரும் கேட்காமலேயே ஆறாவதில் அட்வான்ஸ்ட் கணக்கில் போட்டுவிட வேண்டும். வேண்டாமென்றால் பெற்றோர் எழுதிக் கொடுத்து எடுத்துவிடலாம். முன்பெல்லாம் டீச்சர் சிபாரிசு செய்தால், இல்லை அப்பா அம்மா போய்க் கேட்டால் என்று இருந்தது. கேட்கத் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது. நன்றாகக் கணக்குப் போட்டும், கேட்க ஆளில்லாத பிள்ளை சாதாரண வகுப்பில் உட்கார்ந்திருந்தது. நாங்களெல்லாம் கேட்கத் தெரிந்த கூட்டம்தான் என்பதை அந்த மடக்கு நாற்காலிகளைப் பார்த்தாலே தெரியும்.

ஆக, கணக்கை ஏப்ரலில் அவள் எழுதும் பரீட்சை பார்த்துக்கொள்ளும். இவரிடம் சொன்னேன். ஷீட்டை மூடவில்லை, கலர் மாற்றினார்.

பிப்ரவரி 8, சனி

எனக்கு ஆர்கெஸ்ட்ரா. மறைக்க ஒன்றுமில்லை. பாப்பா இரண்டு வருஷமாக சனிக்கிழமை தோறும் கர்நாடக வயலின் கற்றுக்கொள்கிறாள். சரளி, ஜண்டை, அலங்காரம் முடிந்து கீதத்தில் நிற்கிறாள். வயலின் கையில் இருக்கும்போது வேறெதற்கு? ஃபீஸ் கட்டிய கணக்கும் மனசுக்குள் ஓடியது, பொய் சொல்லக் கூடாது.

அவள் பேண்ட் என்கிறாள். சிநேகிதிகள் யாரும் சொல்லிக்கொடுத்ததா என்றால் அதுவும் இல்லை, நெருங்கிய தோழி கொயருக்குப் போகிறாள். ஏன் என்று இரண்டு நாள் துருவியதில் இன்று பதில் வந்தது.

"அம்மா, நான் தரையில உட்கார்ந்து வயலினைக் கால் மேல சாய்ச்சுப் பிடிக்கிறேன். அங்க எல்லாரும் தாடைக்கு அடியில வச்சுப்பாங்க. ச ப ச ப கிடையாது, தந்தி சுருதியே வேற. டீச்சர் முதல் நாளே என்னைத் திருத்துவாங்க. பேண்ட்ல யாருக்குமே ஒண்ணும் தெரியாது. எல்லாரும் முதல்லேர்ந்து."

பதினொரு வயசு. நான் பதில் சொல்லாமல் தோசையைத் திருப்பினேன். திருப்ப வேண்டிய நேரம் தாண்டியிருந்தது.

பிப்ரவரி 12, புதன்

ராத்திரி பதினொரு மணிக்கு ஃபாரத்தைத் திறந்து, முதல் விருப்பம் ஆர்கெஸ்ட்ரா, இரண்டாவது பேண்ட், மூன்றாவது ஓவியம் என்று போட்டு சேமித்துவிட்டேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளில் பழகிவிடும், நமக்குத் தெரியாததா.

படுத்தால் தூக்கம் வரவில்லை.

பத்தாவது ரிசல்ட் வந்த வாரம். திருச்சியில் எங்கள் பள்ளி ஆபீஸ் ஜன்னல் முன்னால் வரிசை. அப்பா வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து ஹீரோ பேனாவை எடுத்து, ப்ளஸ் ஒன் ஃபாரத்தை ஜன்னல் திண்டிலேயே வைத்து நிரப்பினார். கோரும் பாடப்பிரிவு: முதல் குரூப். கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல். எனக்கு வரலாறு பிடிக்கும். பொருளாதாரமும் வரலாறும் உள்ள குரூப் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். அதை அப்பாவிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை. அதுதான் விசித்திரம். அவர் மறுக்கவில்லை, நான் கேட்கவில்லை. நல்ல மார்க் வாங்கியவள் முதல் குரூப், அவ்வளவுதான், அதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது. கையெழுத்து மட்டும் நான் போட்டேன். மை காயாமல் கொஞ்சம் இழுத்துவிட்டது.

எழுந்து லேப்டாப்பைத் திறந்து மாற்றினேன். பேண்ட் முதலில். மணி 12.40.

பிப்ரவரி 22, சனி

பேண்ட் ஹாலில் இன்று வாத்தியம் பொருத்திப் பார்க்கும் நாள். எனக்கு இந்த ஊரில் மிகப் பிடித்த நாள்களில் இது ஒன்றாகிவிடும் போலிருக்கிறது.

அரங்கம் முழுக்க தனித்தனி மூலை. ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பஸூன், சாக்ஸஃபோன், ட்ரம்பெட், ஃபிரெஞ்ச் ஹார்ன், ட்ராம்போன், யூஃபோனியம், டூபா. பிள்ளை ஒவ்வொரு மூலையிலும் போய் ஊதிப் பார்க்க வேண்டும். முழு வாத்தியம் இல்லை, பெரும்பாலும் வாய் வைக்கும் துண்டு மட்டும். மாஸ்டர்கள் உதட்டைப் பார்க்கிறார்கள், பல்வரிசையைப் பார்க்கிறார்கள், விரல் நுனி துளையை மூடுமா என்று பார்க்கிறார்கள். பெண் பார்க்கும் படலம் கெட்டது.

எல்லாப் பிள்ளைக்கும் ஃப்ளூட், சாக்ஸஃபோன், இல்லாவிட்டால் ட்ரம்ஸ். டூபா மூலையில் ஒரு மாஸ்டர் தனியாகச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார், கூட்டமில்லாத ரேஷன் கடை மாதிரி. பெரிய வாத்தியங்களைப் பள்ளியே குறைந்த கட்டணத்துக்குக் கொடுக்கிறது, சின்னவற்றை நாம் கடையில் வாடகைக்கு எடுக்க வேண்டும்.

பாப்பா ஃப்ளூட்டில் காற்றைத்தான் ஊதினாள், சத்தம் வரவில்லை. ட்ரம்பெட்டில் கன்னம் உப்பியது. கிளாரினெட் துண்டை வாயில் வைத்ததும், முதல் ஊதலிலேயே நீளமாக, நேராக ஒரு சத்தம். மாஸ்டர் புருவத்தை உயர்த்திவிட்டு இன்னொரு முறை ஊதச் சொன்னார். அதே சத்தம். காகிதத்தில் எண் 5 என்று எழுதினார். ஐந்துக்கு ஐந்து.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் போனைப் பார்ப்பது மாதிரி இருந்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அப்பாவுக்கு வாட்ஸ்அப் கால். பேத்தி கிளாரினெட் என்று சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நெட் போய்விட்டது என்று நினைத்தேன்.

"கிளாரினெட்டா? நம்ம ஊரு வாத்தியம்மா அது!"

பிறகு நாற்பது நிமிஷம். திருச்சி ஏ.கே.சி. நடராஜன். நாதஸ்வரம் படித்தவர் கிளாரினெட்டில் அந்தக் கமகத்தை, சுரத்தை அசைத்து வழுக்கவிடும் அந்த வித்தையை, கொண்டுவந்தது எப்படி, 2008இல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி கொடுத்தது, 2022இல் பத்மஸ்ரீ வந்தபோது அவருக்குத் தொண்ணூறு வயசு. சின்ன வயதில் ஏதோ கல்யாண ஊர்வலத்தில் கேட்டதை இப்போதும் பாடிக் காட்டினார், மூச்சு வாங்க. வெள்ளைக்காரன் வாத்தியத்தில் ஓட்டை அடைக்க சாவி இருக்கிறது, சாவியை அழுத்தினால் சுரம் படிப்படியாய்த்தான் விழும், அதில் கமகம் வழுக்க வேண்டுமென்றால் உதடும் மூச்சும்தான் வேலை செய்யணும் என்றார். இதெல்லாம் இவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த அப்பா மின்வாரிய ஆபீசில் ஃபைல் பார்த்தவர்.

பாப்பா ரீட் பற்றிச் சொன்னாள். மூங்கில் மாதிரி ஒரு சின்ன தகடு, ஒற்றை. "அது சீவாளிதான் தங்கம். நாதஸ்வரத்துக்கு ரெட்டை, உனக்கு ஒத்தை."

போனை வைக்கும் முன் என்னிடம் கேட்டார்: "அவளே எடுத்தாளா, நீ எடுத்துக் கொடுத்தியா?" அவளேதான்ப்பா என்றேன். "நல்லது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு வேறென்னவோ கேட்க வேண்டும் போலிருந்தது, அங்கே மணி ராத்திரி பத்தரை, தூக்கம் கெடும் என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 30, புதன்

மாநிலத் தேர்வில் கணக்கு முடிந்தது. "எப்படி எழுதினே?" "ஓகே." வேறு செய்தி இல்லை.

ஜூன் 18, புதன்

ரிசல்ட். கணக்கில் மாஸ்டர்ஸ், அதாவது நாலு படியில் மேல் படி. தானாகவே அட்வான்ஸ்டுக்குப் போகும். இவர் ஷீட்டைத் திறந்து முதல் கட்டத்துக்குப் பச்சை அடித்தார்.

ஒரு சின்ன உறுத்தல். இந்த மாநிலத்தில் பாடத்தில் 70க்குக் கீழே போனால் போட்டியில் வாசிக்க மேடையேற விட மாட்டார்கள் என்று ஒரு விதி உண்டு, 1984இல் இருந்து. கால்பந்துக்கும் அதே விதி, பேண்டுக்கும் அதே விதி. அமுக்கின கணக்கு அவளை அமுக்கினால், கிளாரினெட்டும் சேர்ந்து போகும். வேண்டாமென்று எழுதிக் கொடுக்கும் கடிதம் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்து வைத்துக்கொண்டேன். இவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 19, சனி

மூணு நம்பர் பூட்டு ஒன்று கடையில் வாங்கி வந்து சமையலறை அலமாரியில் மாட்டியிருக்கிறோம். வலது, இடது ஒரு சுற்று தாண்டி, மறுபடி வலது. அரிசி எடுக்க வேண்டுமென்றால் நானும் திறந்தாக வேண்டும். அவள் ஒன்பது விநாடி. இவர் ஒரு நிமிஷம். நான் எண்ணவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

கால அட்டவணை வந்தது. மூன்றாம் பீரியட்: ஆரம்பநிலை ஆர்கெஸ்ட்ரா.

பாப்பா அழவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. திரையையே பார்த்துவிட்டு, "நாம பேண்ட்தானே போட்டோம்?" என்றாள். போட்டோம்தான், இரண்டாவதாகச் சேமித்தபோது. முதலில் சேமித்ததே போய்ச் சேர்ந்திருக்கிறது போல.

சொன்னேன். அந்த ராத்திரி என்ன செய்தேன் என்று முழுசாக. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்புறம் ஏன் மாத்தினே?" என்று கேட்டாள். தாத்தா, ஹீரோ பேனா, ஜன்னல் திண்டு கதையைச் சொன்னேன். "வரலாறா? உனக்கா?" என்று சிரித்துவிட்டாள்.

கவுன்சிலருக்கு மின்னஞ்சலை அவளே டைப் செய்தாள். தப்பு என் அம்மாவுடையது என்றும் ஒரு வரி சேர்த்தாள். நான் அழிக்கச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

முதல் நாள். அட்டவணை நேற்று மாலைதான் சரியாகி வந்தது. மூன்றாம் பீரியட் கிளாரினெட். இங்கே ஒரே வாத்தியக்காரர்களை ஒரே வகுப்பில் போடுகிறார்கள், ஆக இருபது பேரும் கிளாரினெட். கடை வாடகை மாதம் 34 டாலர். புதுச் சட்டப்படி போன் பள்ளி நேரத்தில் வெளியே வரக் கூடாது, அதனால் மாலை வரை ஒரு சேதியும் இல்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும்: "லாக்கர் திறந்துடுச்சு!"

செப்டம்பர் 7, ஞாயிறு

மூன்று வாரம் வெறும் வாய்த்துண்டு, பிறகுதான் முழு வாத்தியம். வீட்டில் வாத்து, கதவுக் கீல், கொதிக்கும் கெட்டில் எல்லாம் கேட்டுவிட்டோம். கீழ்வீட்டுக்காரர் இல்லாதது பாக்கியம்.

இன்று தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினாள். தெரிந்தது மூன்றே சுரம். இ, டி, சி என்று சொல்லிவிட்டு ஊதினாள். நடுவில் ஒரு கீச்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இ டி என்னடி, க ரி ச! சுத்தமா இருக்கு. இன்னொரு தரம் ஊது, சுருதிப்பெட்டியைப் போடச் சொல்லு உங்கம்மாவை."

போட்டேன்.