மூத்த மகனுக்குச் சின்னப் பங்கு: குயின்சி குறிப்புகள்

அக்டோபர் 5, 2024, சனி

அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய மாசசூசெட்ஸ் காலனியில் ஒரு விவசாயி உயில் எழுதாமல் கண்ணை மூடினால் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு. மூன்று பையன்கள் என்றால் சொத்தை நாலாகப் போட்டு, மூத்தவனுக்கு இரண்டு, மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. 1641-இலேயே சட்டமாக எழுதி வைத்துவிட்டார்கள். பைபிளில் உபாகமம் 21-ஆம் அதிகாரத்தில் உள்ள முறை அது. அதே காலத்து இங்கிலாந்தில் பொதுவாக நிலம் மொத்தமும் மூத்தவனுக்கே போகும். வர்ஜீனியாவிலும் 1785-இல் சட்டம் மாற்றும் வரை அப்படித்தான். அதை நினைத்தால், தம்பிகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பங்கு வைத்த இந்த வடக்கத்திக் காலனிகள் எவ்வளவோ தேவலை.

சில நாட்களாக நான் படித்துக்கொண்டிருப்பது அதே மாசசூசெட்ஸில் பிரெய்ன்ட்ரீ ஊர் விவசாயி ஒருவரின் பாகப்பிரிவினை. பெயர் ஜான் ஆடம்ஸ். தேவாலயத்தில் டீக்கன், அதாவது சபைக் காரியங்களைக் கவனிப்பவர். விவசாயத்தோடு செருப்புத் தைக்கும் தொழிலும் உண்டு. மூன்று மகன்கள்: ஜான், பீட்டர், எலிஹு. மூத்தவர்தான் பிற்பாடு அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி. டீக்கன் உயில் எழுதித்தான் போனார். அதில் மூத்தவருக்குத்தான் மிகச் சின்னப் பங்கு.

அக்டோபர் 7, திங்கள்

ஏன் சின்னப் பங்கு? மூத்தவரின் பங்கை டீக்கன் முன்கூட்டியே கொடுத்துவிட்டார். ஹார்வர்டு படிப்பாக.

அந்தப் படிப்புக்கும் ஒரு கதை இருக்கிறது. பையனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. விவசாயி ஆகப்போகிறேன் என்று நிற்கிறான். சரி, வா என்று அப்பா அவனைச் சதுப்பு நிலத்துக்குக் கூட்டிப்போய், நாள் முழுக்கக் கூரை வேயும் புல் அறுக்க வைத்தார். முழங்கால் சேறு. ராத்திரி கேட்டார்: இப்போது எப்படி, விவசாயம் போதுமா? பிடித்திருக்கிறது என்றான் பையன். எனக்குப் பிடிக்கவில்லை, நீ பள்ளிக்குத்தான் போகிறாய் என்றார் அப்பா. வயதான காலத்தில் ஜான் ஆடம்ஸே எழுதி வைத்த சம்பவம் இது.

பள்ளி முடித்து ஹார்வர்டு, 1755-இல் பட்டம். மகன் போதகராக வேண்டும் என்பது டீக்கனின் ஆசை. மகன் வக்கீல் ஆனார்.

அந்தக் காலத்தில் நியூ இங்கிலாந்து (மாசசூசெட்ஸ், கனெக்டிகட் போன்ற வடக்கத்திக் காலனிகள்) அப்பாக்கள் பலர் பத்திரத்தைத் தன் பெயரிலேயே கடைசிவரை வைத்துக்கொண்டார்கள். மகனுக்குக் கல்யாணமாகும், தனி வீடு கட்டுவான், அப்பா காட்டிய நிலத்தில் உழுவான். ஆனால் பத்திரம் கைக்கு வராது. ஆண்டோவர் ஊர்ப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள்: நிலம் பெரியவர் கையில் இருந்ததால் பையன்களின் கல்யாண வயதே தள்ளிப்போனது. அந்த ஊர்களின் நடுவே டீக்கன் தன் பிள்ளைக்குத் திரும்ப வாங்க முடியாத ஒன்றை முதலில் கொடுத்திருக்கிறார். அதனால்தான் எனக்கு அவர் மேல் இவ்வளவு மதிப்பு.

அக்டோபர் 12, சனி

குயின்சி போய்வந்தேன். அன்றைய பிரெய்ன்ட்ரீயின் வடபகுதி 1792-இல் பிரிந்து குயின்சி ஆனது. பிராங்க்ளின் தெருவில் டீக்கனின் இரண்டு வீடுகளும் இன்னும் நிற்கின்றன. இடையில் 75 அடிதான் இருக்கும். இரண்டுக்கும் ஒரே வார்ப்பு: முன்பக்கம் இரண்டு மாடி உயரம், பின்பக்கம் கூரை தாழ்வாரம் வரை சரிந்து இறங்குகிறது, நடுவில் பருமனான செங்கல் புகைபோக்கி. டீக்கன் குடியிருந்த வீடு ஒன்று. மற்றது மூத்த மகனுக்கு அவர் எழுதி வைத்தது.

1761-இல் ஊரில் பரவிய காய்ச்சலில் டீக்கன் இறந்தபோது உயில் சொன்னது இது. ஜானுக்கு அந்த வீடும் தொழுவமும் பக்கத்திலேயே 10 ஏக்கரும், ஊரில் அங்கங்கே சிதறிக் கிடந்த 30 ஏக்கரும். அந்த 30-இல் பழத்தோட்டம், மேய்ச்சல், காடு, சதுப்பு எல்லாம் கலந்திருந்தது. குடியிருந்த வீடும் அதைச் சேர்ந்த பண்ணையும் பீட்டருக்கு. எலிஹுவுக்கு ஊரின் தென்பகுதியில், இன்று ராண்டால்ஃப் எனப்படும் பக்கம், ஒரு பண்ணை.

ஏர் பிடிக்கப் போகிறவனுக்கு நல்ல நிலம், படித்தவனுக்கு வீடும் மிச்சமும். அவரவர் பிழைப்பைப் பார்த்துப் பிரித்திருக்கிறார். கணக்குப்படி சமமாகப் பிரித்திருந்தால் பீட்டருக்குப் பிழைக்கப் போதாமல் போயிருக்கும். வேலிக்கு வெளியே நின்று இரண்டு வீட்டையும் மாறிமாறிப் பார்த்தபோது இந்தப் பங்கு நியாயமாகவே பட்டது. நூறு வருஷமாகத் துண்டாகிக்கொண்டே வந்த நிலம், மூவரும் உழுது பிழைப்பது கடினம் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அக்டோபர் 13, ஞாயிறு

நேற்று எழுத விட்டுப்போனது. 1774-இல் ஜான் ஆடம்ஸ் தம்பி பீட்டரிடமிருந்து அப்பாவின் வீட்டையும் 35 ஏக்கரையும், அதோடு 18 ஏக்கர் மேய்ச்சலையும் 440 பவுண்டுக்கு வாங்கினார். தான் பிறந்த வீடு என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அங்குள்ள தண்ணீர் தனக்கு ரொம்பத் தேவைப்பட்டது என்றும். எலிஹு அடுத்த வருஷமே படைமுகாமில் பரவிய வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனார்.

அக்டோபர் 19, சனி

எல்லா வீட்டிலும் இப்படிச் சுமுகமாக முடியவில்லை. கனெக்டிகட்டில் நிறைய நிலம் வைத்திருந்த வெய்ட் வின்த்ராப் 1717-இல் உயில் எழுதாமல் இறந்தார். மகன் ஜான், மகள் ஆன். காலனிச் சட்டப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. தங்கைக்கு அந்த ஒரு பங்கைக் கொடுக்கவும் அண்ணனுக்கு மனசில்லை. இங்கிலாந்துச் சட்டப்படி நிலம் முழுக்க எனக்கே என்று லண்டன் வரை போனார். 1728-இல் மன்னரின் ஆலோசனைச் சபை அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சொன்னதோடு, கனெக்டிகட்டின் வாரிசுச் சட்டமே செல்லாது என்றும் அறிவித்துவிட்டது.

ஒரு குடும்பத் தகராறு ஒரு காலனியின் அத்தனை விவசாயிகளின் பங்கையும் கேள்விக்குள்ளாக்கியது. தம்பிமார் உழுதுகொண்டிருந்த நிலமெல்லாம் யாருடையது? பத்து வருஷம் கழித்து, 1738-இல், மாசசூசெட்ஸிலிருந்து இதே மாதிரி வழக்கு போனபோது அதே சபை காலனிச் சட்டம் செல்லும் என்றது. அண்ணன் வின்த்ராப் கடைசிவரை ஊர் திரும்பவில்லை.

அக்டோபர் 26, சனி

இன்று விதவைகளின் பங்கு. சட்டம் கொடுத்தது நிலத்தில் மூன்றில் ஒரு பாகம், அதுவும் ஆயுள் வரை அனுபவிக்க மட்டும். விற்க முடியாது. உயில்களில் இது எவ்வளவு நுணுக்கமாக வருகிறது என்றால், வீட்டின் கிழக்குப் பக்க அறை, கிணற்றுக்கும் ரொட்டி அடுப்புக்கும் போய்வர வழி, மகன் வெட்டிக் கொண்டுவந்து போடவேண்டிய விறகு, குளிர்காலம் முழுக்கத் தீனி போட்டுக் காக்கவேண்டிய ஒரு பசு, வருஷத்துக்கு இவ்வளவு மக்காச்சோளம் என்று எழுதுகிறார்கள். தான் சமைத்து ஆண்ட வீட்டில் தன் கிணற்றுக்குப் போக வழி கேட்டு எழுதி வாங்கவேண்டிய நிலை! கணவர் அன்போடுதான் எழுதியிருப்பார், மருமகள் தடுத்துவிடக் கூடாதே என்று. இருந்தாலும் படிக்கும்போது மனசு ஒப்பவில்லை.

அக்டோபர் 28, திங்கள்

அபிகெய்ல் ஆடம்ஸ் இறந்த நாள், 1818. டீக்கனின் மூத்த மருமகள். மாமனார் எழுதி வைத்த வீட்டில்தான் குடித்தனம் தொடங்கினார். கணவன் உயிரோடிருக்க மனைவிக்குத் தனிச் சொத்து என்று சட்டத்தில் எதுவும் இல்லாத காலம். ஆனாலும் 1816 ஜனவரியில் உட்கார்ந்து தன் கையால் ஒரு உயில் எழுதினார். மகன்களுக்குக் கொஞ்சம் உண்டு. மற்றபடி பேத்திகள், சகோதரர் சகோதரி வழி மகள்கள், வீட்டில் வேலை செய்த பெண்கள் என்று வரிசையாகப் பெண்களுக்கே பணமும் உடைகளும். பேரன்களுக்கு ஒன்றுமில்லை.

சட்டப்படி அது வெறும் காகிதம். கணவர் அதை ஒதுக்கிப் போட்டிருந்தாலும் கேட்க ஆளில்லை. 83 வயது ஜான் ஆடம்ஸ், மனைவி எழுதியபடியே எல்லோருக்கும் சேரவேண்டியது சேரும்படி பார்த்துக்கொண்டார்.